மூச்சில் நெருப்பைக் கண்ட லவாய்சியர்

அடுப்பில் எரியும் விறகும், அவ்வடுப்பில் சமைத்த சோற்றை உண்டு மூச்சுவிடும் மனிதனும் ஒரே தொழிலையே செய்கின்றனர் என்றால் எளிதில் நம்ப இயலாது. அவ்வுண்மையை நிறுத்தும் அளந்தும் நிலைநாட்டிய பேரறிஞர், பிரெஞ்சு நாட்டு அந்துவான் லவாய்சியர் ஆவார்.

1743-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பாரிஸ் நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகத் தோன்றிய அவர், சட்டம் பயின்றும் இரசாயனத்தையே நாடினார். 1768-இல் அரசனுக்காக வரி தண்டும் குத்தகைக் கூட்டத்தில் சேர்ந்தார். அவ்வருவாய் அவருடைய ஆய்வுக்கூடத்தை வளர்த்தது. பின்னாளில் அதுவே அவருக்குக் கூற்றுவனுமாயிற்று. 1771-இல் அவர் மணந்த மேரி அம்மையார், ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தும் கருவிகளின் படங்களை வரைந்தும் உற்ற துணையாக விளங்கினார்.

எரியும் பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்றே அந்நாளைய அறிஞர் எண்ணினர். லவாய்சியரோ, எரிதலாவது பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுதலே எனக் காட்டினார். 1782–83 குளிர்காலத்தில், கணித மேதை லாப்லாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றை அமைத்தார். அதனுள் கினிப்பன்றி ஒன்றை இட்டு, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்தார். கரியை எரித்தும் அவ்வாறே அளந்தார். வெளிப்பட்ட கரியமில வாயுவோடு ஒப்பிடுகையில், இரண்டின் வெப்பமும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மூச்சு என்பது சுடரில்லாத மெல்லிய எரிதலே என்று அவர் துணிந்தார். சேர்க்கையில் வெளிப்படும் வெப்பத்தை, அதனைப் பிரிக்கும்போது அதே அளவில் திருப்பித் தரவேண்டும் என்றும் இருவரும் கூறினர்.

வெப்பத்தை ஒரு பொருளென்றே அவர் கருதினார். அது பிழையெனப் பின்வந்தோர் கண்டனர். அணுக்களின் பிணைப்பை அறுக்க ஆற்றல் செலவாகும். அதனினும் வலிய புதுப்பிணைப்புகள் உண்டாகுங்கால் மிகுதியான ஆற்றல் வெளிப்படும். அம்மிகுதியே அடுப்பின் அனலும் நம் உடலின் சூடும். செடிகொடிகள் கதிரவன் ஒளியைக் கொண்டு சேமித்த செல்வமே விறகும் அரிசியும்.

உழைப்போன் மிகுதியான பிராணவாயுவை உட்கொள்வதையும் லவாய்சியர் அளந்தறிந்தார். மிகுதியாக உழைத்து மிகுதியாக உணவு வேண்டி நிற்கும் ஏழைக்கே உணவு குறைந்திருப்பது அவர் நெஞ்சை உறுத்தியது. ஆயினும், அவ்வேழைகளின் பெயரால் எழுந்த புரட்சியே அவரை வரிக் குத்தகைதாரராக மட்டும் கண்டது. 1794-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், தம் மாமனார் உட்பட 28 பேருள் ஒருவராக அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 50.

கணவரின் இறுதிக் கட்டுரைகளை மேரி அம்மையார் 1805-இல் நூலாக்கி வழங்கினார். அவருடலில் எரிந்த மெல்லிய நெருப்பு அணைந்தது. அவர் ஏற்றிய அறிவுச் சுடரோ அணையவில்லை.