அகதிகளின் தந்தை வர்க்கீஸ் பய்யப்பிள்ளி

மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கடைவீதி கொச்சியின் பழைய செல்வத்திற்குச் சாட்சி. கொங்கணியர், குஜராத்தியர், யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எனப் பல சமூகத்தார் தத்தம் வழிபாட்டிடங்களைச் சூழ்ந்து அங்கே வாழ்ந்தனர். தன்னவருள் நலிந்தோரைத் தாங்கும் வழக்கம் ஒவ்வொரு சமூகத்திலும் இருந்தது. ஆனால் யாருமே தன்னவர் என்று உரிமை பாராட்டாத ஒரு முதியவர் நோயுற்று வழியோரம் விழுந்துவிட்டால் அவர் யாருடைய பொறுப்பு? காயலுக்கு அப்பால், கிழக்குக் கரையிலுள்ள கொந்துருத்தியில் பிறந்த ஒரு குரு இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கினார்.

1876ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் பய்யப்பிள்ளி பாலக்காப்பிள்ளி என்னும் பழைய சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வர்க்கீஸ் பிறந்தார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களை உருவாக்குவதற்கெனத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ கண்டியில் நிறுவிய குருமடத்தில் பயின்று, 1907 டிசம்பர் 21இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியபின் கடமக்குடி, ஆலங்காடு, ஆரக்குழா ஆகிய ஊர்களில் பங்குப்பணி ஆற்றினார். ஆலுவா புனித மரியாள் பள்ளியின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். நல்ல நிர்வாகி, நல்ல பங்குக்குரு என்ற பெயரோடு அவருடைய நாள்கள் அமைதியாகக் கழிந்திருக்கக்கூடும்.

1924 ஜூலையில் பெரியாறு பொங்கியது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரள மக்கள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே சொல்கின்றனர். மலையில் மூணாற்றின் ரயில் பாதையை அழித்த அம்மழை, சமவெளியில் ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்தது. 1341இல் இதே பெரியாற்றின் வெள்ளம்தான் முசிறியின் துறையைத் தூர்த்துக் கொச்சிக்குத் துறைமுகம் அமைத்துக் கொடுத்தது என்பது வழிவழி வந்த செய்தி. ஒரு காலத்தில் செல்வத்தைக் கொணர்ந்த ஆறு, இம்முறை வீடிழந்தோரைக் கொணர்ந்தது. வர்க்கீஸ் அடிகளார் அவர்களை மீட்கும் பணியில் இறங்கினார்.

வெள்ளம் வடிந்தபின் வீடும் உறவும் உள்ளோர் திரும்பிச் செல்லலாம். திரும்ப இடமில்லாதவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்குக் காசும் கஞ்சியும் ஈவது பழைய அறம். அது அன்றோடு முடிந்துவிடும். படுக்கையை மாற்றவும், புண்ணைக் கழுவவும், இறுதி மூச்சின்போது கையைப் பற்றிக்கொண்டிருக்கவும் நாள்தோறும் ஒருவர் உடனிருக்க வேண்டுமே! 1927ஆம் ஆண்டு மார்ச் 19, புனித யோசேப்பின் திருநாளன்று, ஆலுவாவுக்கு அருகிலுள்ள சுணங்கம்வேலியில் அடிகளார் ஒரு பெண் துறவியர் சபையைத் தொடங்கினார். கதியற்ற முதியோருக்கு அங்கே இல்லமும் உருவானது. வசதி சொற்பம், முன்வந்த பெண்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

அச்சபையின் மலையாளப் பெயரில் அகதி என்ற சொல் உள்ளது. தமிழில் நாம் அதை நாடிழந்து வந்தோருக்கு வழங்குகிறோம். மலையாளத்திலோ போக்கிடம் அற்ற எவரும் அகதியே. சொந்த ஊரில், சொந்த மக்களிடையே இருந்துகொண்டே ஒருவர் அகதியாகலாம். உதவி கேட்டு வருபவர் தகுதியுள்ளவரா, தம் குற்றத்தாலேயே இந்நிலைக்கு வந்தாரா என்று விசாரிப்பது உலக வழக்கம். கிறிஸ்தவம் கிருபை என்று கூறுவதில் அவ்விசாரணைக்கு இடமில்லை, ஏனெனில் தகுதி பார்த்துத் தரப்படுவது கூலியாகிவிடும். இந்தப் போதனையைப் பிரசங்க மேடையில் சொல்வது எளிது. துர்நாற்றம் வீசும் ஒரு படுக்கையருகே, நன்றி சொல்லக்கூட நினைவில்லாத ஒரு நோயாளியிடம் அதைக் காட்டுவது அத்தனை எளிதன்று. சுணங்கம்வேலிச் சகோதரிகளிடம் கேட்கப்பட்டது அதுதான்.

அந்நாளில் கொச்சியின் பேச்செல்லாம் துறைமுகத்தைப் பற்றியே. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் கடல்வாய் ஆழப்படுத்தப்பட்டு, 1928 மே மாதத்தில் பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்திற்குள் நுழைந்தது. நகரம் வளர்ந்தது. அடிகளாரின் இல்லமோ இன்னும் நிலையாக வேரூன்றவில்லை. 1929 அக்டோபர் 5ஆம் நாள், தமது 53ஆம் வயதில் அவர் இறந்தார். சபைக்கு அப்போது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. நிறுவியவர் மறைந்ததும் இத்தகைய முயற்சிகள் கலைந்துபோவது அரிதன்று. தந்தையை இழந்த அச்சிறு குழுவினரும் கலைந்து வீடு திரும்பியிருந்தால் யாரும் அவர்களைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை.

முதியோர் இல்லங்களும் மருத்துவமனைகளுமாக அப்பணி பின்னர் விரிந்தது. கொச்சிக்குக் கிழக்கே பழங்காநாட்டில் இச்சகோதரிகள் நடத்தும் மருத்துவமனை, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தன் கழுதையின்மேல் ஏற்றிச்சென்ற சமாரியனின் பெயரைத் தாங்கியுள்ளது. 2018 ஏப்ரலில் கத்தோலிக்கத் திருச்சபை அடிகளாரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது. அவருடைய கல்லறை அவர் பிறந்த கொந்துருத்தியில், புனித யோவான் நெப்போமுசேன் ஆலயத்தில் இருக்கிறது.