ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஓட்டக்காரர்

ஞாயிற்றுக்கிழமை லேப் ரெக்கார்ட் எழுதிக்கிட்டே இதைப் படிக்கிறீங்களா? அப்படின்னா எரிக் லிடெலைப் பத்தி நீங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும்.

1902-ல் சீனாவின் தியென்சின் நகரத்தில், ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார், நம்மைப் போலவே ஒரு ஸ்டூடண்ட்தான். ஆனால் 100 மீட்டரில் பிரிட்டனின் பெரிய நம்பிக்கை அவர்.

1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அட்டவணை வந்தது. ஞாயிறு அவருக்கு ஓய்வுநாள், ஆராதனைக்கு உரிய நாள். அதனால் ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிய வரும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். எத்தனையோ பேர் வற்புறுத்தியும் அசையவில்லை. ரிலே ஓட்டங்களையும் அதே காரணத்துக்காக விட்டார். 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

பெரும்பாலும் கதையை இங்கேயே முடிச்சுடுவாங்க. ஆனா முக்கியமான பகுதி இதுக்கு அப்புறம்தான் வருது.

புகழின் உச்சியில் இருந்தவர் 1925-ல் சீனாவுக்கே மிஷனரியாகத் திரும்பினார். தியென்சினில் மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். பிறகு போர் நடந்த கிராமப்புறங்களில் ஊழியம் செய்தார். 1941-ல் ஆபத்து அதிகமானதும் கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

1943-ல் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் அது. விடியும் முன்பே எழுந்து, வேர்க்கடலை எண்ணெய் விளக்கில் வேதம் வாசித்து ஜெபிப்பார். அதுதான் அவருடைய ஓய்வு. அதன் பிறகு நாள் முழுக்க வேலைதான்: லேப் இல்லாமல் அறிவியல் வகுப்பு, வயதானவர்களுக்கு உதவி, பிள்ளைகளுக்கு விளையாட்டு. பெற்றோரைப் பிரிந்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் எரிக் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது. பசங்க சும்மா இருப்பாங்களா? ஒரு ஞாயிறு தாங்களே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் அது சண்டையில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றவர் யார் தெரியுமா? எரிக் லிடெல்!

ஒலிம்பிக் தங்கம் கைநழுவினாலும் பரவாயில்லை என்று காப்பாற்றிய ஞாயிற்றை, பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தளர்த்தினார். கொள்கையை விட்டுட்டார்னு தோணுதா? எனக்கு அப்படித் தோணலை. பாரிஸில் விட்டுக்கொடுத்தது தன்னுடைய பதக்கத்தை. வெய்சியனில் விட்டுக்கொடுத்தது தன்னுடைய ஓய்வை. இரண்டிலும் இழப்பு அவருக்கு மட்டும்தான். அடுத்தவர் தலையில் அதை ஏற்றவில்லை.

1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் முகாமிலேயே இறந்தார். வயது 43. அந்த ஆகஸ்டில் முகாம் விடுதலையானது.

நீங்க விடாப்பிடியா வெச்சிருக்கிற கொள்கைக்கு யார் விலை கொடுக்கிறாங்க? நீங்களா, உங்க பக்கத்துல இருக்கிறவங்களா? இந்த ஞாயிறு கொஞ்சம் ஓய்வா உட்கார்ந்து யோசிச்சுப் பாருங்க.