நடேசய்யர் வந்துபோன மலை
கினிகத்தேனை லயத்துக் காம்பராவில் கிடக்கும் எங்கள் அம்மாயிக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதிக் காசும் எப்போதோ கரைந்துவிட்டது. அவரைப் பார்க்கையில் கோ. நடேசய்யரை நினைப்பேன்.

1887இல் பிறந்த தஞ்சாவூர்க்காரர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார். கங்காணி முறையை எதிர்த்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடியே சனத்தைத் திரட்டினார். அவரைத்தான் நாம் அதிகம் மறந்துவிட்டோம். துரைக்கு முன் நிமிர்ந்து நிற்கப் பழகியது இவர்களால். உழைக்கும் கைக்குக் கூலி கேட்கச் சங்கம் வந்தது. கை ஓய்ந்த பிறகு?

1947இல் ஐயர் இறந்தார். மறுவருடமே எங்கள் குடியுரிமை பறிபோனது. 77 கலவரத்தில் அம்மாயியின் தம்பி வன்னிக்குப் போனார்.

கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசுக்கு அம்மாயி இன்னும் மருமகளின் சம்பள நாளைப் பார்த்திருக்கிறார்.