தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் (1886 – 1968)



புற்றுநோய் என்னும் சொல்லை உரக்கச் சொல்லவும் நம்மில் பலர் அஞ்சுவர். ஒருவருக்கு அது வந்திருப்பதாகச் செய்தி பரவினால், லயத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் குரலைத் தாழ்த்தி அந்த வியாதி என்று மட்டுமே கூறுவர். பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்பது போன்ற அச்சம் அது. பத்து பெரண்டாம் வட்டாரத்தில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். ஆதலின் இம்மலரில், அந்நோயின் பெயரைச் சட்ட மன்றத்திலும் மேடையிலும் அமைச்சர் அறையிலும் அஞ்சாது எடுத்துரைத்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போராடி, ஒரு மருத்துவமனையை எழுப்பிய தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வரலாற்றைத் தர விழைகின்றோம்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட தனிச் சமத்தானமாக விளங்கிற்று. தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராசா கல்லூரியில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குடியில் தோன்றியவர். அக்குடியில் பிறந்த பெண்மக்கள் பலரைச் சிறு பருவத்திலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விட்டுவிடும் கொடிய வழக்கம் அந்நாளில் இருந்தது. அவ்வழக்கத்தின் நிழல் தம் தாயாரின் உறவினர் வீடுகளில் படிந்திருந்ததைச் சிறுமி முத்துலட்சுமி கண்ணாரக் கண்டு வளர்ந்தார். பின்னாளில் அவர் சட்ட மன்றத்தில் ஆற்றிய அரும்பணிக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

பெண் பருவமடைந்தால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தது. தாயாருக்கோ மகளுக்கு விரைவில் மணம் முடித்துவிட வேண்டும் என்ற கவலை. மகளுக்கோ படிப்பின்மேல் தணியாத வேட்கை. 1902ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அடுத்துக் கல்லூரி செல்ல வேண்டும். ஊரில் இருந்த கல்லூரியோ ஆண்கள் மட்டுமே பயின்றது. ஒரு பெண்ணைச் சேர்த்தால் தம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்த்தவர்களும் இருந்தனர். முடிவில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே இசைவளித்தார். 1904ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முதல் மாணவியாக முத்துலட்சுமி அடியெடுத்து வைத்தார்.

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண் இவரே என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. 1875ஆம் ஆண்டிலேயே மேரி சார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி அங்கு சேர்ந்து கற்றிருக்கின்றார். ஒருவரைப் போற்றுவதற்கு இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அம்மையாருக்கு உள்ள பெருமையே போதும். 1912ஆம் ஆண்டில் பதக்கங்கள் பல பெற்று மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார். எழும்பூரில் மகளிருக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனையில் பணியாற்றும் வாய்ப்பும் கிட்டிற்று. 1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைத் தமக்கு நிகராக மதிக்க வேண்டும், தாம் விரும்பும் பணிகளுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று மணத்துக்கு முன்பே கேட்டு, ஒப்புதல் பெற்ற பின்னரே அவர் இசைந்தார். சுந்தர ரெட்டியும் சொன்ன சொல்லை இறுதிவரை காத்தார். இவர்களுக்கு ஆண்மக்கள் இருவர், இளையவர் கிருஷ்ணமூர்த்தி. இப்பெயரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் வரும்.

இனி நாம் சொல்லவிருப்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

அம்மையாருக்குத் தங்கை ஒருவர் இருந்தார். தமக்கை பெற்ற தாயைப் போல் அன்பு செலுத்திய தங்கை. 1920களின் தொடக்கத்தில் அப்பெண்ணுக்கு வயிற்றில் கோளாறு கண்டது. மலத்தோடு இரத்தம் போயிற்று. சீதபேதி என்று கருதி அதற்குரிய மருந்துகளையே கொடுத்து வந்தனர். நாள்கள் சென்றன. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கையோ டாக்டர், அவருடைய கணவரும் டாக்டர், சென்னையின் பெரிய மருத்துவர்கள் எல்லாம் அறிமுகமானவர்கள். அப்படியிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. வலியால் துடித்துத் துடித்து அவர் மாண்டதை அருகிருந்து பார்ப்பதைத் தவிர அம்மையாரால் வேறொன்றும் செய்யக்கூடவில்லை.

நோய் தெரியாமற்போனது யாருடைய குற்றம் என்று ஆராய்வதில் பயனில்லை. அந்நாளில் தென்னிந்தியாவில் புற்றுநோயை ஆராய்ந்து மருத்துவம் செய்வதற்கென ஒரு தனி நிலையமும் இல்லை. இந்த உண்மையே அம்மையாரின் நெஞ்சை அறுத்தது. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கே இக்கதி என்றால், கூலி வேலை செய்யும் ஏழைக் குடும்பத்துப் பெண் யாரிடம் போவாள்?

1925ஆம் ஆண்டில் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குச் சென்றார். மகளிர், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறுவதே பயணத்தின் நோக்கம். ஆயினும் இலண்டனில் இருந்த ராயல் புற்றுநோய் மருத்துவமனைக்கும் சென்று பார்த்தார். அங்கே நோயாளிகளைத் தனியே வைத்து, அறுவையாலும் ரேடியக் கதிராலும் மருத்துவம் செய்தனர். குணமடைந்து வீடு திரும்பியவர்களும் இருந்தனர். நம் நாட்டில் சாவு என்றே முடிவு கட்டப்பட்ட நோயிலிருந்து அங்கே மனிதர்கள் பிழைத்தெழுந்ததைக் கண்ட பிறகு, இத்தகைய மருத்துவமனை ஒன்று சென்னையிலும் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

தாயகம் திரும்பியதும் சென்னை மாகாணச் சட்ட மன்றத்தின் முதல் பெண் உறுப்பினராக நியமனம் பெற்றார். அம்மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947ஆம் ஆண்டில் முழுமையான சட்டமாகக் கனிந்தது. இதனை விரித்தெழுதினால் வேறொரு கட்டுரையாகிவிடும். 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். அக்காலத்திலேயே, போக்கிடமின்றித் தம் இல்லம் நாடி வந்த பெண்பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். அடையாற்றில் அது இன்றும் உள்ளது.

இத்தனை பணிகளுக்கிடையிலும் தங்கையை அவர் மறந்தாரல்லர். 1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். கேட்டவர்கள் தலையசைத்தனரேயன்றிக் கைகொடுத்தாரில்லை. பின்னர் அரசாங்கத்தின் கதவைப் பலமுறை தட்டினார். புற்றுநோய் வந்தவர் இறக்கத்தானே போகின்றார், அவருக்கெனத் தனியே மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணமே அங்கும் நிலவிற்று. அது கல்நெஞ்சத்தால் எழுந்த எண்ணம் என்று நாம் கருதவில்லை. படித்தவர், படியாதவர் எல்லாரும் அன்று அவ்வாறே நம்பினர். அந்த நம்பிக்கையை உடைப்பதே பணம் திரட்டுவதைவிடக் கடினமான வேலையாக இருந்தது.

இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கப்பெற்றது. மகளிர் படியேறிப் படியேறிச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தனர். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவம் பயின்று, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வெளிநாட்டிலேயே தங்கிப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அன்னையின் கனவைத் தம் கனவாக ஏற்று அவர் ஊர் வந்து சேர்ந்தார். 1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் தலைமை அமைச்சர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்றது. எளிய கட்டடம், பன்னிரண்டே படுக்கைகள். அன்று அம்மையாருக்கு அகவை அறுபத்தேழு. மறு ஆண்டு சாந்தா என்னும் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசுப் பணி வாய்ப்பை விட்டுவிட்டு வந்த அவர், நிலையத்தின் வளாகத்திலேயே குடியிருந்து, 2021ஆம் ஆண்டில் தொண்ணூற்று மூன்றாம் அகவையில் மறையும்வரை அங்கேயே தொண்டாற்றினார்.

இல்லாதவரும் இருப்பவரும் ஒருங்கே மருத்துவம் பெற வேண்டும் என்பது நிலையத்தின் கொள்கை. 1950களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட் 60 என்னும் கதிர்ச் சிகிச்சைப் பொறி வரவழைக்கப்பெற்றது. புற்றுநோய் என்பது, உடலின் நுண்ணிய உயிரணுக்கள் சில கட்டுப்பாட்டை மீறிப் பெருகிப் பக்கத்து உறுப்புகளையும் அரித்துச் செல்லும் நோயாகும். பால்மரத்துப் பட்டையில் ஓரிடத்தில் பூஞ்சணம் பிடித்தால் தொடக்கத்திலேயே சுரண்டி மருந்து பூசுவோம். விட்டுவிட்டால் வெட்டுப் பட்டை முழுவதும் கெட்டுவிடும். உடலிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஓரிடத்தில் நிற்கும்போது அறுவையாலும் கதிராலும் அதனை அழிக்கலாம். பரவிய பின்னர் மருந்துகளும் வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரையும் மருந்தையும் இணைத்துக் கொடுத்துப் பார்த்து, நல்ல பயன் கிட்டியதைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் உலகுக்கு அறிவித்தனர்.

மருந்து என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகின்றார். இதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திரப் பெருமகனாரின் குழுவினர் உருவாக்கிய மருந்தைக் கொண்டே, 1948ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அன்று சில திங்களே நீண்ட உயிர், இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோயில் பத்துக் குழந்தைகளுள் எட்டுக்கு மேற்பட்டோர் பிழைத்து வளரும் அளவுக்கு நீண்டுள்ளது.

வாய்ப் புற்றுநோய் என்றோமல்லவா? அதில் நமக்குத் தனிக் கவலை உண்டு. மலேசியாவில் இந்நோய் நம் இந்தியச் சமுதாயத்தாரிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது என்று ஆய்வாளர் பல முறை எழுதியுள்ளனர். காரணம் நம் மடியிலேயே இருக்கின்றது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் முன் ஒன்று, வெட்டு முடிந்து ஒன்று, இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டே உறக்கம் என்று வாழ்ந்த தலைமுறை நம்முடையது. பசியை அடக்கவும் களைப்பைப் போக்கவும் அவர்கள் கண்ட வழி அது. பழித்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஆனால் புகையிலை மட்டுமே தீது, பாக்கு நல்லது என்று இன்றும் சிலர் எண்ணுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூலில் உறுதிப்படுத்திற்று. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை தோன்றினால் சுகாதார நிலையத்திலோ பல் மருத்துவரிடமோ காட்டலாம். பாட்டியின் வாயைப் பார்க்கச் சொல்லிக் கேட்க இப்பள்ளிப் பிள்ளைகளால் முடியும். நாம் சொன்னால் கேளாதவர்கள் பேரப்பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.

அன்னையருக்கும் ஒரு செய்தி. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் ஒருவகை நச்சுயிரியால் வருவது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் அந்நச்சுயிரியின் வகைகளைக் கண்டு காட்டி, 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அதனால் அம்மை, இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றுக்குப் போலவே இப்புற்றுநோய்க்கும் தடுப்பூசி உருவாயிற்று. நம் நாட்டில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இதனை இலவசமாகப் போடும் திட்டம் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நம் பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பின் ஒப்புதல் கேட்டு ஒரு படிவம் வீட்டுக்கு வரும்போது, தெரியாத ஊசி என்று அஞ்சிக் கிழித்தெறியும் பெற்றோரும் இருக்கக்கூடும். அப்படிவம் எதற்காக என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நன்று. மணமான பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குச் செல்ல நாணுவதும் உண்டு. அந்த நாணம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை அம்மையார் தம் மருத்துவ வாழ்வில் எத்தனையோ பெண்களிடம் கண்டிருப்பார்.

1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மாருக்கு மகப்பேற்றுக் காலத்தில் வழங்கப்பெறும் உதவித் திட்டம் அவர் பெயரால் விளங்குகின்றது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள்களே இருக்க, அம்மையார் சென்னையில் இயற்கை எய்தினார். அப்போது அடையாற்று நிலையம் பதினான்கு ஆண்டுகளைக் கடந்திருந்தது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அவ்விடத்தில் இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து மட்டுமன்றிப் பிற மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்த வண்ணம் இருக்கின்றனர். மலத்தில் இரத்தம் கண்டு, சீதபேதியாக இருக்குமோ என்று ஐயுற்று வருகின்ற பெண்களும் அவர்களுள் உண்டு.