தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வந்த குரல்: கத்லீன் ஃபெரியர்

எமது பிள்ளைகள் பலர் பண்ணிசையும் மிருதங்கமும் பயில்வது போலவே, பாடசாலையில் மேலைத்தேய இசையையும் பயில்கிறார்கள். அதில் யாராவது ஒருவர் கொஞ்சம் கூடுதலாகப் பிரகாசித்துவிட்டால் வீட்டில் கவலை தொடங்கிவிடுகிறது. பாட்டு நல்லது, ஆனால் லண்டன் போன்ற மாநகரில் அதை நம்பிச் சீவிக்க முடியுமா என்பதே அந்தக் கவலை. கணக்கு எழுதிப் பிழைக்கும் நாம் அதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை கூற மாட்டோம். அதற்குப் பதிலாக, இந்நகரில் பாட்டையே தொழிலாகக் கொண்டு பத்தே ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்று மறைந்த கத்லீன் ஃபெரியர் என்ற அம்மையாரின் வாழ்க்கையை இங்கே தருகிறோம்.

அவர் 1912 ஏப்ரல் 22ஆம் திகதி வட இங்கிலாந்தின் லங்காஷயரில் ஹயர் வோல்ற்றன் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பாடசாலை அதிபர். இரண்டு வயதில் குடும்பம் பிளாக்பேர்ன் நகருக்கு இடம்பெயர்ந்தது. பருத்தி ஆலைகள் நிறைந்த ஊர் அது. ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் மாலையில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்று ஹாண்டெலின் பெரிய படைப்புகளைப் பாடிய காலம். தகப்பனாரும் அப்படிப் பாடியவரே. சிறுமி கத்லீனுக்கு முதலில் வாய்த்தது பாட்டல்ல, பியானோ. 1928இல், 16 வயதில், நாடளாவிய பியானோப் போட்டி ஒன்றில் தமது பிராந்தியத்தில் வெற்றி பெற்று ஒரு பியானோவையே பரிசாகப் பெற்றார். இறுதிச் சுற்றுக்கு லண்டன் விக்மோர் மண்டபத்துக்கு வந்தார். அங்கே பரிசு கிடைக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே அவருடைய படிப்பு முடிந்துவிட்டது. தகப்பனார் ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. வருமானம் குறையப்போகிறது என்ற அச்சத்தில் 14 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, தபால் திணைக்களத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். இசைக் கல்லூரி என்ற எண்ணம் அத்தோடு போயிற்று. காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, ஓர் அழைப்பை இன்னொன்றோடு செருகி இணைக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளைக் கழித்தார். அக்காலத்தில் தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவைக்கு நல்ல குரல் தேடி, இணைப்பகப் பெண்களிடையே நாடு முழுவதும் தேர்வு நடந்தது. கத்லீனும் விண்ணப்பித்தார். அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை! பிற்காலத்தில் உலகமே கேட்க ஏங்கிய குரல் நேரம் சொல்வதற்குக்கூடப் போதாது என்று ஒரு குழு முடிவு செய்தது. விண்ணப்பங்கள் திரும்பி வரும் வீடுகளில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.

1935இல் அல்பேர்ட் வில்சன் என்ற வங்கி உத்தியோகத்தரை மணந்தார். மணமான பெண்களைத் தபால் திணைக்களம் வேலையில் வைத்திருப்பதில்லை. ஆகவே வேலை போயிற்று. கணவருக்கு மாற்றம் கிடைத்து, கம்பர்லாந்துக் கடற்கரையில் சிலொத் என்ற சிற்றூருக்குப் போனார்கள். அங்கிருந்துதான், 1937 மார்ச்சில், கார்லைல் நகர இசைவிழாப் போட்டிக்குப் பியானோ வாசிக்கப் பெயர் கொடுத்தார். பாட்டுப் போட்டியிலும் சேர உனக்குத் துணிவில்லை என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். கத்லீன் சேர்ந்தார். பியானோவிலும் பாட்டிலும் முதலிடம் பெற்று, விழாவின் தலைசிறந்த போட்டியாளருக்குரிய வெள்ளிக் கிண்ணத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அஸ்பற்றியா என்ற ஊர்த் தேவாலயத்தின் அறுவடை விழாவில் பாடியதற்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கிடைத்தது. அவருடைய பாட்டுக்கு வந்த முதல் ஊதியம் அதுதான்.

அப்போது அவருக்கு வயது 25. குரல் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. வானொலியில் பாட வாய்ப்புக் கிடைத்த பின்னர், 1939இல்தான் நியூகாசிலில் ஹச்சின்சன் என்ற ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்கத் தொடங்கினார். அவருடையது கொன்ட்ரால்டோ, அதாவது பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகை. எம்மவருக்கு விளங்கும்படி சொன்னால், மந்தர ஸ்தாயியில் நின்றே நிறைவு தரும் குரல். இந்தக் குரலுக்கு ஒபராவில் கதாநாயகிப் பாத்திரங்கள் மிகக் குறைவு. தாய், கிழவி, சூனியக்காரி, ஆண் வேடம், இவ்வளவுதான். ஆனால் தேவாலய இசையில் இடம் உண்டு. ஹாண்டெலின் மெசையாவைப் பாட நான்கு தனிப்பாடகர் வேண்டும். அவர்களில் ஒருவர் இந்தக் குரலுக்குரியவர். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் ஊருக்கு ஊர் மெசையா நடக்கும் நாட்டில் அது நிலையான வருமானம்.

பின்னர் உலக யுத்தம் வந்தது. 1940இல் கணவர் படைக்குப் போனார். அந்த மணவாழ்வு ஒருபோதும் ஒட்டவில்லை; 1947இல் சட்டப்படி இரத்தானது. யுத்தகால மக்களின் மனத்தளர்வைப் போக்க அரசு ஓர் இசை, கலை ஊக்குவிப்புச் சபையை நிறுவியிருந்தது. கத்லீன் அதில் சேர்ந்து தொழிற்சாலை உணவுச்சாலைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் பாடினார். பாத்திரங்கள் மோதும் ஓசைக்கு நடுவே, பாட்டுக் கேட்க வராதவர்களையும் கேட்க வைக்கப் பழகியது அங்கேதான். எந்த இசைக் கல்லூரியிலும் இது பாடத்திட்டத்தில் இல்லை.

1942இல் புகழ்பெற்ற இசை நடத்துநர் மல்கம் சார்ஜன்ற் அவர் பாடக் கேட்டார். தொழிலாக எடுப்பதானால் லண்டனுக்கு வந்தேயாக வேண்டும் என்று கூறி, இப்ஸ் அன்ட் ரிலற் என்ற முகவர் நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார். நாடெங்கும் உள்ள சங்கங்கள் பாடகர் தேவை என்றால் முதலில் தேடிப்போன நிறுவனம் அது. இந்த இடத்தில் தொழிலின் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாட்டுக்காரரின் வாழ்க்கை வரலாறுகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பாடகர் சம்பளக்காரர் அல்லர். ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனியே கினிக் கணக்கில் ஊதியம். அதில் முகவரின் பங்கு கழியும். ரயில், விடுதி, உடை, பாடம் கேட்கும் ஆசிரியருக்கான கட்டணம், கூட வாசித்துப் பழக்குபவருக்கான கட்டணம் ஆகிய எல்லாம் பாடகரின் கைக்காசு. யுத்தகாலத்தில் உடுப்புக்குக் கூப்பன் வேறு. தடிமன் பிடித்தால் அந்தக் கிழமை வருமானம் பூச்சியம். அகதியாக வந்து மணிக்கணக்கு வேலை செய்த எம்மில் பலருக்கு இந்த வரவுசெலவைத் தனியே விளக்கத் தேவையில்லை.

1942 நத்தாருக்கு முதல் நாள், சகோதரி வினிஃபிரட்டுடன் ஹாம்ஸ்ரெட்டில் ஃபிரொக்னல் மான்ஷன்ஸ் என்ற தொடர்மாடியில் குடியேறினார். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 28இல், தேசிய ஓவியக் கூடத்தின் மதியக் கச்சேரியில் முதன்முதலாக லண்டனில் பாடினார். குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓவியங்களை வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெறுமையான கூடத்தில் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் கச்சேரிகள் நடத்தி வந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். பந்தயம் கட்டிய அதே தொகை! 1943 மே மாதம் வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் மெசையா பாடிய பின்னர் அவருக்கு ஓய்வே இருக்கவில்லை. அந்த மேடையில் உடன் பாடிய பீற்றர் பியர்ஸ் வழியாக இசையமைப்பாளர் பென்ஜமின் பிரிட்டனின் நட்பும் பின்னர் கிடைத்தது.

லண்டனில் பாடத் தொடங்கிய பின்பும் அவர் திரும்பவும் மாணவியாகப் போனார் என்பதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். தமது குரலிலும் மேடை நடப்பிலும் உள்ள குறைகளை உணர்ந்து, ரோய் ஹென்டர்சன் என்ற பாடகரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். மேடையிலே தமது நீண்ட கைகளை என்ன செய்வது என்றே தெரியாமல் தவித்தவர் அவர். ஆகவே 1946 ஜூலையில் கிளைன்ட்போர்ன் ஒபரா அரங்கில் பிரிட்டனின் புதிய ஒபராவில் லுக்ரீசியாவாக நடிக்க அழைத்தபோது மிகவும் தயங்கினார். அது நன்றாகவே அமைந்தது. மறு ஆண்டு அதே அரங்கில் குளுக்கின் ஓர்ஃபியஸ். மனைவியை மீட்கப் பாதாள உலகம் செல்லும் பாடகன் ஓர்ஃபியஸ். பெண்ணாகிய இவர் ஆண் வேடம் பூண்டார். வாழ்நாளில் அவர் மேடையில் நடித்த ஒபராப் பாத்திரங்கள் இந்த இரண்டே இரண்டுதான். மேலதிகமாக வந்த அழைப்புகளை ஏற்கவில்லை. தமக்கு எது பொருந்தும் என்று அறிந்திருந்தார்.

இனிச் சொல்லப்போவது எம் நெஞ்சுக்கு மிக அண்மையானது. ஃபெரியர் இங்கிலாந்தின் மண்ணின் மகள். ஆனால் அவரை உலகறியச் செய்தவர்களில் பலர் அகதிகள். கிளைன்ட்போர்னில் அவரது ஓர்ஃபியஸை மேடையேற்றிய கார்ல் ஏபேர்ட், ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். அரங்கின் நிர்வாகி ருடொல்ஃப் பிங் வியன்னாவில் பிறந்த யூதர். யுத்தகாலத்தில் ஒபரா அரங்கு மூடப்பட்டபோது பிங் லண்டனில் ஒரு பெரிய பலபொருள் அங்காடியில் வேலை செய்து காலத்தை ஓட்டினார். பட்டதாரிகள் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்ததைக் கண்டவர்கள் நாம்; இதைப் படித்தபோது புன்னகைத்துக்கொண்டோம். அதே பிங்தான் யுத்தம் முடிந்ததும் எடின்பரோ விழாவை உருவாக்கினார். 1955இல் நியூயோர்க் மெற்ரோபொலிற்றன் ஒபராவில் முதல் கறுப்பினப் பாடகியாக மரியன் அன்டர்சனை மேடையேற்றியவரும் அவரே. அவர் கத்லீனைப் புறூனோ வால்ரரிடம் பாட அனுப்பினார்.

வால்ரர் பேர்லினில் பிறந்த யூதர், இசையமைப்பாளர் மாலரின் நேர்ச் சீடர். 1933இல் ஜேர்மனியிலும் 1938இல் ஒஸ்ரியாவிலும் இடமிழந்து, பிரான்ஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மாலரின் மண்ணின் பாடல் என்ற பெரும் படைப்பை, குரு மறைந்த ஆண்டாகிய 1911இலேயே முதன்முதலில் அரங்கேற்றியவர் அவர்தான். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1947 செப்ரெம்பர் 11ஆம் திகதி, முதலாவது எடின்பரோ விழாவில் அதே படைப்பை ஃபெரியர் பாட வால்ரர் நடத்தினார். வாசித்தது வியன்னா பில்ஹார்மொனிக். தம்மைத் துரத்திய நகரின் வாத்தியக்குழுவை யுத்தத்தின் பின் அந்த முதியவர் சந்தித்தது அந்த விழாவில்தான். படைப்பின் இறுதிப் பகுதி பிரிவுப் பாடல். அதன் கடைசிச் சொல்லைப் பாட முடியாமல் ஃபெரியரின் குரல் கண்ணீரில் அடைத்துக்கொண்டது. வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டார். வால்ரர் அதைக் குற்றமாகவே கொள்ளவில்லை. அவர் அன்று எதை எண்ணிக் கொண்டிருந்தாரோ, விட்டு வந்த ஊர் என்று ஒன்று உள்ளவர்கள் ஓரளவு ஊகிக்கலாம்.

அதன் பிறகு எல்லாம் வேகம். 1948 ஜனவரியில் நியூயோர்க் கார்னகி மண்டபம், 1949இல் அம்ஸ்ரர்டாமும் சால்ஸ்பேர்க்கும், 1950இல் வியன்னாவில் பாஹ்கின் இருநூறாவது நினைவாண்டு விழா. அமெரிக்காவுக்கு மட்டும் மூன்று பயணங்கள். இசைத்தட்டுகள் வீடுவீடாகப் போயின. வாத்தியம் எதுவுமின்றி அவர் தனியே பாடிப் பதிவு செய்த வட இங்கிலாந்து நாட்டுப்பாடல் ஒன்றைச் சங்கீதமே அறியாதவர்களும் முணுமுணுத்தார்கள்.

1951 ஜனவரியில் தகப்பனார் காலமானார். மார்ச்சில் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். ஏப்ரல் 10இல் யூனிவேர்சிற்றி கொலிஜ் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை. புற்றுநோய் என்று உறுதியாயிற்று. ஜூன் மாதமே றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பாடினார். கதிர்ச் சிகிச்சையும் கச்சேரியும் மாறிமாறி நடந்தன. இன்னொரு சத்திரசிகிச்சையால் குரல் கெடலாம் என அறிந்து அதற்கு உடன்படவில்லை. 1952 மே மாதம் வியன்னாவுக்குப் போய் வால்ரருடன் மண்ணின் பாடலை டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். நோவோடு நின்று பாடியது என்று சொன்னால் கேட்பவர் நம்பமாட்டார்.

1953 பெப்ரவரி 3ஆம் திகதி கொவன்ற் கார்டனில் மீண்டும் ஓர்ஃபியஸ். நடத்தியவர் அவருடைய நெருங்கிய நண்பர் ஜோன் பார்பிரோலி. நான்கு இரவுகள் திட்டமிடப்பட்டிருந்தன. 6ஆம் திகதி, இரண்டாம் இரவில், மேடையில் நின்றபடியே அவருடைய இடது தொடை எலும்பு உடைந்தது. நோய் எலும்பை அரித்துவிட்டிருந்தது. அவர் ஓரிடத்தில் சாய்ந்து நின்றுகொண்டு தொடர்ந்து பாடினார். உடன் நடித்தவர்கள் தங்கள் அசைவுகளை அவருக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது. திரை விழுந்து, கைதட்டலை ஏற்று, வாழ்த்த வந்தவர்களையும் சந்தித்த பின்னரே மருத்துவமனைக்குப் போனார். மீதி இரண்டு இரவுகளும் இரத்தாயின. அவர் பிறகு மேடை ஏறவில்லை.

ஃபிரொக்னல் மாடிப்படிகள் இனி ஏலாது என்று சென்ற் ஜோன்ஸ் வூட்டில் ஒரு வீட்டுக்கு மாறினார். 1953 ஒக்ரோபர் 8இல், 41 வயதில், காலமானார். லண்டனுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் இன்னும் நிறையவில்லை.

அவர் பெயரால் நண்பர்கள் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தைத் தொடங்கினார்கள். 1956 முதல் இளம் பாடகருக்கான பரிசும் வழங்கப்பட்டு வருகிறது. அதன் இறுதிப் போட்டிகள், பதினாறு வயதுப் பெண்ணாக அவர் பரிசில்லாமல் திரும்பிய அதே விக்மோர் மண்டபத்தில் நடந்து வந்துள்ளன. ஒக்ஸ்பேர்ட் சேர்க்கஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பாட்டுப் படிக்கும் பிள்ளை உள்ளவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம்.