புதுக்கோட்டை ஈன்ற மருத்துவ மாதரசி

இவ்விழா மலரில் பங்கின் வரலாறும் பங்குத் தந்தையரின் பணிகளும் இடம் பெறுகின்றன. அவற்றோடு நம் மாவட்டத்து மகள் ஒருவரின் வாழ்க்கையையும் சேர்க்க விரும்பினோம். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் நீட் தேர்வு முடிவும் வெளிவரும் நாள்களில், நம் வீடுகளில் சில பிள்ளைகள் சோறு உண்ணாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பதை நாம் காண்கிறோம். டாக்டராக வேண்டும் என்று சிறு வயது முதல் சொல்லி வந்த பிள்ளை, தனக்கு அந்தத் தகுதியே இல்லையென்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கொள்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் மாணவப் பருவத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது நம் அவா. அவருக்குத் தகுதி இல்லை என்று சொன்னது தேர்வுத்தாள் அன்று, ஊரே சொன்னது.

1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்விமான். தாய் சந்திரம்மாள், இசையும் நடனமும் குலத்தொழிலாகக் கொண்ட, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் மரபில் வந்தவர். இத்திருமணத்தின் பொருட்டு ஐயரை அவர் சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். தாய்வழிக் குலத்தையோ ஊரார் ஒரு மாதிரியாகப் பேசினர். தந்தை வீட்டாரின் அரவணைப்பும் இல்லை, தாய் வீட்டாருக்கு ஊரில் மரியாதையும் இல்லை என்ற நிலையில் ஒரு பெண் குழந்தை வளர்ந்தது. அதே 1886-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அச்செய்தி புதுக்கோட்டை வீதிகளை எட்டியிருக்குமா என்பது ஐயமே.

சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பியபோது தந்தையாருக்குப் பெரிய திட்டம் ஏதும் இல்லை. பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதும் அளவுக்குத் தமிழ் படித்தால் போதும் என்பது ஏற்பாடு. ஆனால் பாடம் சொன்ன ஆசிரியர் குழந்தையின் கூர்மையைக் கண்டு, தந்தைக்குத் தெரியாமலே ஆங்கிலமும் கற்பித்து விட்டார். தெரிய வந்தபோது பெண் வெகுதூரம் முன்னேறி விட்டிருந்தார். அந்த ஆசிரியர் சொன்னதை மட்டும் செய்து சம்பளம் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது. நம் பங்கில் ஆசிரியப் பணி புரிவோர் பலர் இருப்பதால் இதைச் சற்று நிறுத்திச் சொல்லுகிறோம்.

பெண் பருவம் எய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளி நின்றது. படிப்பு நிற்கவில்லை. கணக்கு எழுதினால் போதும் என்று நினைத்த அதே தந்தையார் இப்போது தாமே ஆசிரியரானார். வீட்டுத் திண்ணையும் கூடமும் வகுப்பறையாயின. தாய் சந்திரம்மாளுக்கு மகளை மணமுடித்துக் கொடுக்க வேண்டுமே என்ற கவலை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஊரின் பேச்சைப் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த தாய், மகளாவது குடும்பப் பெண் என்ற பெயரோடு ஒரு வீட்டில் நிலைக்கட்டும் என்று எண்ணியது இயற்கையே. மகள் திருமணத்திற்கு இசையவில்லை, படிப்பையே கேட்டார். உடல் வலிமையும் கண் பார்வையும் அவருக்கு அவ்வளவாக வாய்க்கவில்லை. ஆயினும் 1902-ஆம் ஆண்டு தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார்.

அடுத்து வந்ததே பெரும் சோதனை. மேற்படிப்புக்கு ஊரில் இருந்தது ஒரே கல்லூரி; அதுவும் ஆண்கள் கல்லூரி. தந்தை முதல்வராயிருந்த அதே மகாராஜா கல்லூரிக்கு மகளின் விண்ணப்பம் சென்றது. எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து அமர்ந்தால் பையன்களின் மனம் கெட்டுவிடும் என்றனர். அதற்கும் மேலாக, இன்ன தாயின் மகள் என்பதைச் சுட்டிக் காட்டினர். சேர்த்துக் கொண்டால் தாம் வேலையை விட்டு விலகுவதாகக் கூறிய ஆசிரியரும் உண்டு. வாசகர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். அவர் படிப்பில் குறை கண்டவர் எவருமில்லை. பிறப்பும் பெண்மையுமே குறையாகக் கூறப்பட்டன. இரண்டும் அவரால் மாற்றக் கூடியவை அல்ல. மாற்றக் கூடியதைக் குறை சொன்னால் முயன்று திருத்தலாம். மாற்ற முடியாததைக் குறை சொன்னால் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் என்ன செய்வது?

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது சேர்க்கைக்கு ஆணையிட்டார். உதவித் தொகையும் அளித்தார். சமஸ்தான காலத்தைப் பற்றி நம் பெரியவர்களுக்குப் பல மனத்தாங்கல்கள் உண்டு. இந்த ஓர் ஆணைக்காக அம்மன்னரை நன்றியுடன் நினைக்கலாம். எனினும் அனுமதி கிடைத்ததோடு அவமதிப்பு முடிந்து விடவில்லை. மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்றார்; வகுப்பில் மற்றவர் பார்வையில் படாதவாறு திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார். ஆசிரியரின் குரல் மட்டும் திரையைக் கடந்து வரும். அந்தக் குரலைக் கேட்டே எப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். இன்று மன்னர் கல்லூரி என்று நாம் அழைக்கும் அந்தக் கல்லூரியில் நம் பங்கின் மாணவிகள் பஸ்ஸில் இறங்கிப் பேசிச் சிரித்துக் கொண்டு நுழைகிறார்கள். அவர்கள் நுழையும் வாசலில் முதலில் கால் வைத்த மாணவி அவரே.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நுழைந்த முதல் பெண் அவரே என்று சில மேடைகளில் பேசப்படுகிறது. அது சரியன்று. 1875-ஆம் ஆண்டே மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூவரும் அங்கே சேர்க்கப்பட்டனர். 1878-இல் கிருபாபாய் என்னும் இந்தியக் கிறிஸ்தவ மாணவி சேர்ந்து, முதலாண்டில் சிறந்து விளங்கி, உடல்நலக் குறைவால் படிப்பை விட நேர்ந்தது. இல்லாத பெருமையைச் சேர்த்து அம்மையாரை உயர்த்த வேண்டிய தேவை நமக்கில்லை. இருக்கும் பெருமையே போதும்.

பெண் டாக்டர்கள் ஏன் அவ்வளவு தேவைப்பட்டனர் என்பதை இளையோர் அறிய வேண்டும். கோஷா முறை நிலவிய வீடுகளிலும், மானம் பெரிதென்று எண்ணிய மற்ற வீடுகளிலும், ஆண் டாக்டரிடம் உடலைக் காட்டுவதைவிட உயிரை விடுவதே மேல் என்று பெண்கள் இருந்தனர். பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்தால் மருத்துவச்சியின் கைப்பக்குவமே துணை. அதுவும் பொய்த்தால் தாயும் சேயும் போவர். இதற்காகவே மேரி ஷார்லீப் அம்மையார் 1885-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக அது இன்றும் இயங்குகிறது. நம் திருச்சபையையும் இங்கே குறிப்பிட வேண்டும். துறவறக் கன்னியர் பேறுகால மருத்துவம் செய்வதற்கு அந்நாளில் சபைச் சட்டம் இடம் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் டாக்டராயிருந்த மேரி குளோரி, 1920-இல் குண்டூருக்கு வந்து கன்னியரானபோது திருத்தந்தையின் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. பொதுவான அனுமதி 1936-இல்தான் ரோமையிலிருந்து வந்தது. திரை புதுக்கோட்டையில் மட்டும் தொங்கவில்லை.

1912-ஆம் ஆண்டு முத்துலட்சுமி எம்.பி., சி.எம். பட்டத்தைச் சிறப்புடன் பெற்றார். பதக்கங்களும் பரிசுகளும் குவிந்தன. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்ற முதல் பெண் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. திரைக்குப் பின்னே அமர்ந்த மாணவி, பிரசவ வார்டில் உத்தரவு இடும் இடத்திற்கு வந்து விட்டார். இடையில் ஓடியது பத்தாண்டுக்கும் குறைவே.

திருமணத்தை வெறுத்தவர் என்று அவரை எண்ண வேண்டாம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். ஆனால் சம்மதிக்கும் முன் ஒரு நிபந்தனை வைத்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பங்களுக்கும் பணிகளுக்கும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அது. மணமகனும் இசைந்தார், கடைசி வரை சொல் தவறவில்லை. வரதட்சணைப் பேச்சில் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவே மறந்து விடும் நம் வீடுகளில் இந்த நிபந்தனையைப் பற்றி ஒரு மாலைப் பொழுது பேசலாம்.

பொது வாழ்வைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1926-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் ஏறிய முதல் பெண் அவரே. அங்கே அவர் கையிலெடுத்தது வேறெதுவுமன்று. எந்தக் குலத்தைக் காட்டித் தம்மைக் கல்லூரி வாசலில் தடுத்தார்களோ, அக்குலத்துப் பெண்பிள்ளைகளின் விடுதலையே. கோயில் மானிய நிலங்களைப் பொட்டுக் கட்டும் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929-இல் வந்தது. பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அக்குலத்துப் பெண்களிலேயே எதிர்த்தவர்களும் இருந்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அஞ்சி மனுக் கொடுத்தனர். அந்த அச்சம் முழுவதும் வீணானது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் எட்டு வயது, பத்து வயதுச் சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டும்போது அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. அம்மையார் அந்தச் சிறுமியின் பக்கம் நின்றார். காந்தியடிகள் 1930-இல் கைதானபோது மேலவைப் பதவியைத் துறந்து வெளியே வந்தார்.

அக்காலத்தில் பொட்டுக் கட்டுதலிலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள் சென்னையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்க்க மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. மகாராஜா கல்லூரி வாசலில் நின்ற பெண்ணுக்கு அது புதிய கதையன்று. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. அங்கே வந்த பிள்ளைகளின் குலமும் கோத்திரமும் கேட்கப்படவில்லை. அவர்கள் படித்து ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் வெளியேறினர்.

இனி மருத்துவத்திற்கு வருவோம். அம்மையாரின் தங்கை இளம் வயதில் புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று காலத்தில் கண்டறியப்படவில்லை. டாக்டராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காப்பாற்ற முடியாத துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1925-இல் அரசு உதவியுடன் லண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றபோது புற்றுநோய் மருத்துவத்தையும் கருத்தூன்றிக் கவனித்தார். ஊர் திரும்பிப் பல்லாண்டுகள் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டுமென்று கேட்டார். எப்படியும் சாகப் போகும் நோயாளிகளுக்குப் பணத்தை ஏன் இறைக்க வேண்டும் என்பதே பொறுப்பிலிருந்தோர் எண்ணமாயிருந்தது. அம்மையார் நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. மற்றவர் பேரப் பிள்ளைகளோடு ஓய்வெடுக்கும் வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955-இல் வந்து சேர்ந்த இளம் டாக்டர் சாந்தா, 2021-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்து பணி புரிந்தார். நம் பங்கிலிருந்தும் அடையாற்றுக்கு ரயிலேறிச் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களுள் பலர் அந்த மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் நம் புதுக்கோட்டைக்காரர் என்பதை அறியார்.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார். எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள்களே இருந்தன. அவருடைய பிறந்த நாளான ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகக் கொண்டாட 2019-இல் தமிழக அரசு முடிவு செய்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னே, 2017-இல், புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு விட்டது. 2020-இல் வந்த சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் ஏழரை சதவிகித இடம் ஒதுக்கப்பட்டது. பொட்டுக் கட்டுதலை எதிர்த்து அம்மையாரின் காலத்திலேயே போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது. கர்ப்பிணிப் பெண்களுக்கான மகப்பேறு உதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையே தாங்கி நிற்கிறது. 2018-இல் அது 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நம் கிராமங்களில் அதைச் சுருக்கி முத்துலட்சுமி பணம் என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் படிவத்தை நிரப்பும்போது, பக்கத்தில் நிற்கும் பெண் பிள்ளை அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால், பால் கணக்கிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.