பாலுசுவாமி தீட்சிதர்

பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1858) கருநாடக இசைக் கலைஞரும் பாடலாசிரியரும் ஆவார். ஐரோப்பியக் கருவியான வயலினை முறையாகப் பயின்று, அதனைக் கருநாடக இசைக்குரிய கருவியாக மாற்றிய முன்னோடிகளுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரும், வீணை வல்லுநரான சின்னசுவாமி தீட்சிதரும் இவருடைய தமையன்மார் ஆவர். தமது வாழ்வின் பிற்பகுதியை எட்டயபுரம் அரசவையில் வித்துவானாகக் கழித்தார். சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் நூலை இயற்றிய சுப்பராம தீட்சிதர் இவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார மகனும் ஆவார்.

முன்னோரும் குடும்பமும்

தீட்சிதர் குடும்பத்தின் பூர்வீகம் வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் அமைந்துள்ள விரிஞ்சிபுரம் ஆகும். மார்க்கபந்தீசுவரர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர், வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது. வழித்துணைநாதர் எனத் தமிழில் வழங்கப்பெறும் இவ்விறைவன்மீது அப்பைய தீட்சிதர் வடமொழியில் தோத்திரம் இயற்றியுள்ளார். பாலுசுவாமியின் பாட்டனார் வேங்கடேசுவர தீட்சிதர், பாட்டியார் பாகீரதி. அக்காலத்தில் அப்பகுதியில் நிலவிய அரசியல் குழப்பங்களால் இக்குடும்பம் விரிஞ்சிபுரத்தை விட்டு நீங்கிக் காவிரிப் பகுதியிலுள்ள கோவிந்தபுரத்தில் குடியேறியது.

பாலுசுவாமியின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் (1735 - 1817). இவர் தஞ்சாவூர் வீரபத்திரய்யாவிடமும், வேங்கடமகியின் வழிவந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடமும் இசை பயின்றவர். அம்சத்துவனி இராகத்தை உருவாக்கியவர் இவரே. பின்னர்த் திருவாரூரில் நிலைகொண்டு, தியாகராசர் கோயிலின் பூசைக் காலங்களிலும் திருவிழாக்களிலும் இசைக்கப்படவேண்டிய இசைமுறையை ஒழுங்குபடுத்தினார். இவருக்கு முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என மூன்று ஆண்மக்களும் பாலாம்பாள் என்னும் மகளும் பிறந்தனர். பாலுசுவாமி 1786 ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார்.

குடும்பம் விரிஞ்சிபுரத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் அவ்வூருடனான பற்று மறைந்துவிடவில்லை. அவ்வூர் இறைவனாகிய மார்க்கசகாயேசுவரர்மீது காசிராமக்கிரியா இராகத்தில் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனை இயற்றியுள்ளார்.

மணலியில் இசைக்கல்வி

சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியின் செல்வந்தரும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர் பிகட்டின் துபாசியுமான முத்துகிருட்டிண முதலியார் திருவாரூருக்கு வந்தபோது இராமசுவாமி தீட்சிதரின் இசையைக் கேட்டு, அவரைத் தம் ஊருக்கு அழைத்தார். அதன்படி தீட்சிதர் குடும்பம் மணலிக்குக் குடிபெயர்ந்தது. முத்துகிருட்டிண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருட்டிண முதலியாரும் (சின்னையா முதலியார்) இக்குடும்பத்தைத் தொடர்ந்து ஆதரித்தார். மூத்தவரான முத்துசுவாமி, சிதம்பரநாத யோகி என்னும் துறவியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கித் திரும்பியதும் இக்காலத்திலேயே ஆகும்.

துபாசிகள் ஆங்கிலேயருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்தவர்கள். ஆகவே, புனித சார்ச்சுக் கோட்டையில் ஒலித்த ஐரோப்பியப் பாண்டு இசை மணலி முதலியார் குடும்பத்தினருக்குப் பழக்கமானதாயிற்று. தீட்சிதர் சகோதரர்களும் அதனைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றனர். இவ்விசை முத்துசுவாமியைப் பாடலியற்றத் தூண்டியது. ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் அவர் இயற்றிய பாடல்கள் நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. ஏறத்தாழ 40 பாடல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்த சந்ததம் பாகிமாம் என்னும் பாடல் அவற்றுள் ஒன்று.

பாலுசுவாமியை ஈர்த்தது மெட்டன்று, கருவி. அந்த இசையில் இடம்பெற்ற வயலினில் அவருக்கு இருந்த ஆர்வத்தைக் கண்ட வேங்கடகிருட்டிண முதலியார், ஓர் ஐரோப்பியக் கலைஞரைக் கொண்டு அவருக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகள் இப்பயிற்சி நடைபெற்றது. வயலினைத் தவிர, வாய்ப்பாட்டு, வீணை, சித்தார், சுவரபத் என்னும் நரம்புக்கருவி, மிருதங்கம் ஆகியவற்றிலும் பாலுசுவாமி தேர்ச்சி பெற்றிருந்தார்.

வயலினும் கருநாடக இசையும்

வயலின் வருவதற்கு முன்னர் வாய்ப்பாட்டுக்குத் துணையாக வீணையே பெரிதும் வாசிக்கப்பட்டது. வீணையின் நரம்பை மீட்டியவுடன் எழும் ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். பாடகர் ஒரு சுரத்தை நீட்டிப் பாடும்போது வீணை மீண்டும் மீண்டும் மீட்டப்பட வேண்டும். வயலினிலோ வில் நரம்பின்மீது நகரும்வரை ஒலி அறாமல் தொடர்கிறது. மேலும், வயலினின் விரற்பலகையில் மெட்டுகள் இல்லை. எனவே விரலை ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லவும், ஒரே சுரத்தை அசைத்து ஒலிக்கவும் முடிகிறது. கருநாடக இசையின் உயிர்நிலையாகிய கமகங்களுக்கு இவ்விரு பண்புகளும் இன்றியமையாதவை. சுரங்களுக்கு நிலையான கட்டைகளைக் கொண்ட ஆர்மோனியத்தால் இதனைச் செய்ய இயலாது.

எனினும், ஐரோப்பியரிடம் கற்ற முறையை அப்படியே பின்பற்றி இராகங்களை வாசித்துவிட முடியாது. ஐரோப்பிய இசையில் ஒவ்வொரு சுரமும் பெரும்பாலும் தனித்தனியாக நிற்பது. இராகத்திலோ சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து செல்வன. ஆகவே, வீணையிலும் வாய்ப்பாட்டிலும் பயின்ற இராக இலக்கணத்தை வில்லுக்கும் விரலுக்கும் பழக்க வேண்டியிருந்தது. பாலுசுவாமி இவ்விரண்டு துறைகளிலும் பயிற்சி பெற்றிருந்ததனால் இப்பணிக்குப் பொருத்தமானவராக அமைந்தார்.

கருநாடக இசையில் நிலைபெற்ற வாசிப்புமுறை பின்வரும் வகைகளில் ஐரோப்பிய முறையினின்றும் வேறுபடுகிறது:

- நான்கு நரம்புகளும் பஞ்சமம், சட்சம் ஆகிய சுரங்களுக்கே, பாடகரின் சுருதியை ஒட்டிச் சேர்க்கப்படுகின்றன.
- கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது பாதத்தின்மீதும் அடிப்பகுதியை மார்பின் அருகிலும் பொருத்திக்கொள்கிறார்.
- கருவியைத் தாங்கும் சுமை இல்லாததால் இடக்கை நரம்பின் நீளம் முழுவதும் தடையின்றி நகர்கிறது.

இதே காலப்பகுதியில் ஐரோப்பாவில் எய்டன், பேத்தோவன் முதலியோர் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகள் இணைந்து வாசிக்கும் நால்வர் இசையை உச்சநிலைக்குக் கொண்டு சென்றனர். அங்கு வயலின் பல குரல்களுள் ஒரு குரலாக நின்றது. தமிழகத்திலோ அது பாடகரின் குரலை நிழல்போல் தொடர்ந்து, பின்னர்த் தானும் இராகத்தை விரித்துரைக்கும் கருவியாயிற்று.

பாலுசுவாமியின் காலத்தில் வயலினைக் கையாண்டவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். தஞ்சை நால்வருள் ஒருவரும் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவருமான வடிவேலு (1810 - 1845) சிறந்த வயலின் கலைஞராக விளங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 இல் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். தஞ்சை அரசவையைச் சேர்ந்த வராகப்பய்யரும் இக்கருவியில் வல்லவராக அறியப்படுகிறார்.

சகோதரர்களின் பயணம்

இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்துடன் திருவாரூருக்குத் திரும்பி, 1817 இல் காலமானார். இதன்பின் சகோதரர்கள் பிரிய நேர்ந்தது. முத்துசுவாமி கோயில்தோறும் சென்று பாடல்கள் இயற்றி வந்தார். சின்னசுவாமியும் பாலுசுவாமியும் இணைந்து, ஆதரவாளர்களை நாடித் தெற்கு நோக்கிப் பயணமாயினர். நிலையான அரசவைப் பதவி இல்லாத கலைஞர்களுக்கு ஊர் ஊராகச் சென்று செல்வர் இல்லங்களிலும் சமத்தானங்களிலும் பாடி வாசிப்பதே அக்காலத்தில் வாழ்வுக்கு வழியாக இருந்தது.

சின்னசுவாமி முன்னரே கண்பார்வையை இழந்திருந்தார். இருவரும் மதுரையில் தங்கியிருந்தபோது 1823 இல் அவர் காலமானார். உடன்பாடி வந்த தமையனை இழந்த பாலுசுவாமி, தனியராக இராமேசுவரத்துக்குச் சென்றார். அவரது புலமையைக் கேள்வியுற்ற எட்டயபுரம் அரசர் தம் அவைக்கு அழைத்தார். 1824 இல் பாலுசுவாமி எட்டயபுரம் சமத்தான வித்துவானாக அமர்த்தப்பட்டார்.

தம்பியரைப் பற்றிய செய்தி அறியாமலிருந்த முத்துசுவாமி, அவர்களைத் தேடி மதுரைக்கு வந்தார். அங்கு, சின்னசுவாமி இறந்ததையும் பாலுசுவாமி எட்டயபுரத்தில் இருப்பதையும் அறிந்து, அவ்வூருக்குப் புறப்பட்டார். அரசரின் ஆதரவில் பாலுசுவாமிக்குத் திருமணம் நடைபெறவிருந்த வேளை அது. வழியில் வறட்சியால் காய்ந்து கிடந்த நிலத்தைக் கண்டு முத்துசுவாமி அமிர்தவர்சினி இராகத்தில் பாட, மழை பெய்தது என்பது மரபுவழிச் செய்தி. சகோதரர்கள் எட்டயபுரத்தில் மீண்டும் சந்தித்தனர்.

எட்டயபுரம் அரசவை

எட்டயபுரம் அரசர்கள் இசையையும் இலக்கியத்தையும் பேணியவர்கள். கழுகுமலை முருகன்மீது குமார எட்டப்பர் இயற்றிய பாடல்களுக்குப் பாலுசுவாமி இசையமைத்தார். தாமும் சில உருப்படிகளை இயற்றியதோடு, பாடல்களுக்குச் சிட்டை சுரங்களையும் அமைத்துத் தந்தார். இவற்றுட் சில சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் இடம்பெற்றுள்ளன.

முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் மீண்டும் எட்டயபுரத்துக்கு வந்து, 1835 அக்டோபர் 21 ஆம் நாள், தீபாவளியன்று அங்கேயே மறைந்தார். அவருடைய சமாதி எட்டயபுரம் அட்டக்குளத்தின் கரையில் உள்ளது. மூன்று சகோதரர்களுள் எஞ்சியவர் பாலுசுவாமி மட்டுமே. தமையனாரின் கீர்த்தனைகளையும், வேங்கடமகி வழிவந்த இராக மரபையும் அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் பொறுப்பு எட்டயபுரத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது.

பாலுசுவாமியின் மகள் அன்னபூரணியின் கணவர் சிவராம ஐயர். இவர்களுக்கு 1839 இல் பிறந்த பாலசுப்பிரமணியனைப் பாலுசுவாமி சுவீகாரம் எடுத்துத் தம்முடன் வைத்து வளர்த்தார். அவருக்கு இசையும் வீணையும் கற்பித்தார். இச்சிறுவனே பின்னாளில் சுப்பராம தீட்சிதர் என அறியப்பட்டார். பாலுசுவாமி 1858 இல் காலமானார். சில நூல்கள் இவ்வாண்டை 1859 எனக் குறிப்பிடுகின்றன.

மரபு

சுப்பராம தீட்சிதரும் எட்டயபுரம் அரசவை வித்துவானாக விளங்கினார். ஏ. எம். சின்னசாமி முதலியாரின் வற்புறுத்தலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும் அவர் தம் குடும்பத்தில் வழிவழியாகப் பாதுகாக்கப்பட்ட பாடல்களைச் சுர, தாள, கமகக் குறியீடுகளுடன் எழுதினார். இந்நூல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெயரில் 1904 இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சிடப்பட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் இதில் உள்ளன. தீட்சிதர் குடும்பத்தினரின் வாழ்க்கையைப் பற்றி இன்று அறியப்படும் செய்திகளுட் பெரும்பாலானவையும் இந்நூலில் உள்ள வாழ்க்கை வரலாற்றுப் பகுதியிலிருந்தே பெறப்பட்டவை. 1906 இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது, அதே ஊரில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் இரங்கற்பா இயற்றினார்.

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் (1863 - 1936) சென்னைக்குச் சென்று இம்மரபைப் பரப்பினார். நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர், டி. கே. பட்டம்மாள் ஆகியோர் அவரிடம் தீட்சிதர் கீர்த்தனைகளைக் கற்றவர்கள்.

வயலின், 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கச்சேரியின் முதன்மைப் பக்கவாத்தியமாக நிலைபெற்றது. திருக்கோடிக்காவல் கிருட்டிண ஐயர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை முதலியோர் இதனை மேலும் வளர்த்தனர். துவாரம் வேங்கடசாமி நாயுடு (1893 - 1964) வயலினைத் தனிக்கச்சேரிக்குரிய கருவியாகவும் உயர்த்தினார். பாடகர், வயலின், மிருதங்கம், தம்புரா என்னும் அமைப்பே இன்றும் வாய்ப்பாட்டுக் கச்சேரியின் அடிப்படையாக உள்ளது.

மதிப்பீடு

பாலுசுவாமி தீட்சிதர் இயற்றியவையாகக் கிடைத்துள்ள உருப்படிகள் மிகச் சிலவே. பாடலாசிரியர் என்னும் நிலையில் அவர் தமையனாருடன் ஒப்பிடத்தக்கவர் அல்லர். ஆயினும், கருநாடக இசைக்கு அவரால் இரண்டு பெரும்பயன்கள் விளைந்தன. அயல்நாட்டுக் கருவி ஒன்று இம்மண்ணின் இசைக்கு உரியதாக மாறியது முதலாவது. முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள், சுவீகார மகன் வழியாக எழுத்துவடிவம் பெற்று நிலைத்தது இரண்டாவது. இவற்றுள் முதலாவது மணலியில் பெற்ற மூன்றாண்டுப் பயிற்சியிலும், இரண்டாவது எட்டயபுரத்தில் பேரனுக்கு அளித்த கல்வியிலும் தொடங்கின.